நாலு வரிசை கனகாம்பரம்

முதல் அரை மணி நேரத்திலேயே இடுப்பு விட்டுப்போனது. கனகாம்பரச் செடி முழங்கால் உயரம்தான். உட்கார்ந்தால் கை எட்டாது, நின்றால் பூ தெரியாது. குனிந்தபடியேதான் பறிக்க வேண்டும். நிமிர்ந்தபோது முதுகுத்தண்டுக்குள் யாரோ திருகாணியை முறுக்கியது மாதிரி இருந்தது. மணி ஐந்தே முக்கால். ஒன்பதேகாலுக்கு நான் பள்ளிக்கூடத்தில் பிரேயரில் நிற்க வேண்டும்.

"டீச்சரு, இது பூவு, சாக்பீஸ் இல்ல. அமுக்கிப் பிடிக்காதீங்க. நசுங்குன பூவக் கடையில எடுக்க மாட்டாக" என்றாள் அழகி.

அழகி ஆறு வரிசை பறிப்பவள். அவள் மடி அதற்குள் பிள்ளைத்தாய்ச்சி வயிறு மாதிரி புடைத்திருந்தது. என் மடியில் ஒரு கைப்பிடி இருந்தால் அதிகம். நான் கல்லுடைத்த வீட்டுப் பிள்ளை. புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு குவாரியில் என் அம்மா ஜல்லி உடைத்தாள். லீவு நாளில் நானும் உடைத்தேன். என் கைக்குச் சுத்தியல் தெரியும். இந்த ஈர்க்குச்சிக் கழுத்துப் பூவை எவ்வளவு அழுத்திப் பிடிப்பது என்று தெரியவில்லை.

இரண்டு வரிசை தள்ளி அழகியின் மகள் சுடர்விழி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பறித்தாள். எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பு. எட்டு நாளாக வகுப்புக்கு வரவில்லை. அவள் வராமல் போனதற்குக் காரணம் நான்.

பொங்கல் லீவு முடிந்த திங்கட்கிழமை அது. முதல் பீரியடு கணக்கு. முன் பெஞ்சில் சுடர்விழி நோட்டின் மேல் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். கரும்பலகையிலிருந்து திரும்பினால் பிள்ளைகள் எல்லாம் சிரிக்கிறார்கள். எழுப்பினேன். எழுந்தவளின் கன்னத்தில் பேனா மை. மறுபடியும் சிரிப்பு. தேசிய வருவாய் வழித் தேர்வுக்கு எங்கள் பள்ளியிலிருந்து நாலு பேர் விண்ணப்பித்திருந்தார்கள். தேறினால் பிளஸ் டூ வரைக்கும் மாசாமாசம் உதவித்தொகை. நாலு பேரில் தேறுவாள் என்று நான் நம்பியிருந்தது இவளை மட்டும்தான். அந்த நம்பிக்கைதான் கோபமாக வந்தது.

"தூங்குறதுக்கு எதுக்குத்தா பள்ளிக்கூடம்? வீட்டுலயே கெடக்க வேண்டியதுதானே. வெளிய போயி நில்லு."

போய் நின்றாள். பத்து நிமிஷத்தில் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். ஆபீசில் ஏதோ ஆன்லைன் பதிவு என்று தலைமையாசிரியர் கூப்பிட்டார், போனேன். அப்படியே ஏழாம் வகுப்புக்குப் போனேன். மறந்துவிட்டேன். அடுத்து வந்த டீச்சரோ, அமராவதி டீச்சர், அதாவது நான், நிற்க வைத்த பிள்ளையைத் தான் ஏன் உள்ளே விடுவது என்று விட்டுவிட்டார். சாப்பாட்டு மணி அடிக்கும்வரை அந்தப் பிள்ளை வராண்டாவில் நின்றது. மூன்று பீரியடு. போகிற வருகிற வகுப்பெல்லாம் பார்த்தது. மணி அடித்ததும் சாப்பிடாமல் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்கப்புறம் வரவில்லை.

ஐந்தாம் நாள்தான் அவள் பக்கத்து பெஞ்சு செவந்தி சொன்னாள்.

"டீச்சர், அவ நாலரைக்கே எந்திரிச்சுப் பூக்கொல்லைக்குப் போயிர்றா. தை முகூர்த்தம்ல."

தலையெல்லாம் ஜல்லித் தூசியோடு வகுப்பில் தூங்கி விழுந்தவள் நான். ஒரு பிள்ளை எதற்குத் தூங்குகிறது என்று கேட்காமலே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷச் சம்பளத்தில் அது எங்கேயோ மறந்துபோயிருந்தது.

அழகி வீட்டுக்குப் போனேன். புருஷன் கேரளாவில் கொத்து வேலை. இவள் ஆவுடையப்பன் அய்யா கொல்லையில் பத்து வரிசை பறிக்கப் பேசியிருந்தாள்.

"ஒரு நா நிறுத்துனாலும் வேற ஆளப் போட்ருவாரு டீச்சரு. நான் ஒண்டியா ஆறு வரிசைக்கு மேல முடியாது. நாலு வரிசை அவளோடது."

"மூணு வாரத்துல பரீட்சைம்மா."

"பரீட்சை சனிக்கெழமைங்கிறீங்க. ஞாயித்துக்கெழமை பெரிய முகூர்த்தம். சனிக்கெழமை பறிக்கலன்னா வேற என்னைக்குப் பறிக்கிறது?"

அவள் சொன்னதில் தப்பில்லை. படிப்பின் அருமை பற்றி அவளிடம் பேச எனக்கு வாய் வரவில்லை. குவாரியில் என் அம்மாவிடம் அப்படிப் பேசியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

"அப்ப நான் கொல்லைக்கு வாரேன். பறிச்சுக்கிட்டே படிக்கட்டும்."

அழகி சிரித்தாள். உள்ளே இருந்த பிள்ளை சிரிக்கவில்லை.

இப்படித்தான் நான் அந்தக் கொல்லைக்குப் போய்ச் சேர்ந்தேன். நான் குடியிருக்கிற கறம்பக்குடியிலிருந்து ஸ்கூட்டியில் பன்னிரண்டு கிலோமீட்டர். தினமும் ஐந்து மணிக்குப் போய் எட்டு மணிக்குக் கிளம்புவேன். கேள்வியைச் சத்தமாகச் சொல்லுவேன். இலையில் பனி சொட்டும், நனைந்த கனகாம்பரக் காய்கள் சட்சட்டென்று வெடிக்கும், பதில் மட்டும் வராது. மூன்று நாள் அப்படியே போனது.

நாலாம் நாள் நேரமும் வேலையும் கணக்கை எடுத்தேன்.

"மூணு பேரு ஒரு கொல்லைய நாலு மணி நேரத்துல பறிக்கிறாங்க. கூட ஒரு ஆளு வந்து நாலு பேராப் பறிச்சா எத்தன மணி நேரம்?"

அழகிதான் பதில் சொன்னாள்: "அஞ்சு."

"எப்படிம்மா அஞ்சு? ஆளு கூடுனா நேரம் கொறையணும்ல?"

"நாலாவது ஆளு நீங்கதானே டீச்சரு. ஒங்களுக்குச் சொல்லிக் குடுக்கவே ஒரு மணி நேரம் போயிருது."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு வரிசைக்கு அங்கிட்டு ஒரு முதுகு குலுங்கியது. அப்புறம் அந்த முதுகு பேசியது.

"மூணு மணி நேரம். எல்லாரும் ஒரே வேகத்துல பறிச்சா."

"புத்தகத்துல அப்படித்தான்த்தா."

"புத்தகத்துல யாருக்கும் இடுப்பு வலிக்காது போல."

அவ்வளவுதான். அன்றிலிருந்து கேள்வி கேட்டால் பதில் வந்தது. எண் தொடர், கடிகாரக் கோணம், திசைகள், சரிவிகிதம். பூப்பறிக்கிற கை நிற்காமல் வாய் கணக்குப் போடும். சில நாள் அவளே எனக்குக் கேள்வி போடுவாள். ஒரு காம்பில் எத்தனை பூ, ஒரு செடியில் எத்தனை காம்பு, டீச்சர் எத்தனை செடியை நாசம் பண்ணினால் ஆவுடையப்பன் அய்யா கம்பைத் தூக்கிக்கொண்டு வருவார் என்று. அழகி தூக்குவாளியில் டீ கொண்டுவருவாள். மூன்று பேரும் வரப்பில் உட்கார்ந்து குடிப்போம். பிள்ளையின் விரல் நுனி எல்லாம் வெடித்திருந்தது. ஒருநாள் தேங்காய் எண்ணெய் கொண்டுபோய்த் தடவிவிட்டேன். கையை இழுத்துக்கொள்ளவில்லை. அந்தத் தைரியத்தில் சொன்னேன்.

"பள்ளிக்கூடத்துக்கு வாத்தா. லேட்டா வந்தாலும் பரவால்ல, சார்கிட்டச் சொல்லிட்டேன்."

"நீங்கதானே வீட்டுலயே கெடன்னு சொன்னீங்க."

"தப்புத்தான்த்தா. தெரியாமச் சொல்லிட்டேன். மன்னிச்சுக்க."

அவள் என் முகத்தைப் பார்க்காமல் எண்ணெய் தடவிய விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்க சொல்றீங்க. நிக்க வச்சது அங்கதானே."

"ஏய், டீச்சருகிட்ட என்னடி வாயி?" என்று அழகி கை ஓங்கினாள்.

"விடும்மா, அவ சரியாத்தான் கேக்குறா" என்றேன். "சரித்தா. அங்க வச்சு எல்லாருக்கும் முன்னாடி சொல்றேன். நீ வந்தாத்தானே சொல்ல முடியும்?"

"பரீட்சை முடியட்டும். திங்கக்கெழமை வாரேன்."

பரீட்சைக்கு முதல்நாள் தலைமையாசிரியர் பிராங்க்ளின் சார் கூப்பிட்டார். தேர்வு மையம் கறம்பக்குடியில். "நாளைக்கு நாலு பிள்ளைகளையும் நீங்கதானே டீச்சர் கூட்டிட்டுப் போறீங்க?"

"நீங்க போங்க சார். எனக்குக் கொல்லையில வேலை இருக்கு."

கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, "லீவு நாள்ல என்ன டீச்சர் வேலை?" என்றார்.

"நாலு வரிசை சார்."

கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார்.

அந்த நாலு வரிசைக்கும் சுடர்விழி முன்னாடியே கணக்குப் போட்டு வைத்திருந்தாள். "நீங்க இப்ப ஒரு வரிசைக்கு முக்கா மணி நேரம் எடுத்துக்கிறீங்க. நாலுக்கு மூணு மணி நேரம். அஞ்சுக்கு ஆரம்பிச்சா எட்டு. எட்டரைக்குப் பூவு கடைக்குப் போகணும். சரியா வரும். ஆனா நடுவுல நிமிராதீங்க. நிமிந்தீங்கன்னா பத்து நிமிசம் நின்னுருவீங்க."

சனிக்கிழமை ஐந்து மணிக்கு முதல் வரிசையில் குனிந்தேன். அழகி அந்தக் கோடியில் ஆரம்பித்தாள். பேச நேரமில்லை. இரண்டாம் வரிசை முடிகிறபோது வலி இடுப்பிலிருந்து தொடைக்கு இறங்கியிருந்தது. ஏழு மணி வாக்கில் ரோட்டுப் பக்கம் பேச்சுச் சத்தம் கேட்டது. பிராங்க்ளின் சார் முன்னால் நடக்க, பின்னால் நாலு பிள்ளைகள். சுடர்விழி யூனிஃபார்ம் போட்டு, எண்ணெய் வைத்து, ரெட்டைச் சடை மடித்துக் கட்டியிருந்தாள். கையில் பிளாஸ்டிக் உறையில் ஹால் டிக்கெட். பார்க்க வேண்டும் என்று நிமிர்ந்துவிட்டேன்.

"நிமிராதீங்க டீச்சர்!"

கொல்லை முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினாள். மற்ற பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் குனிந்துகொண்டேன். குனிந்ததும் நல்லதாகப் போனது, கண்ணைத் துடைக்கப் புடவைத் தலைப்பைத் தேட வேண்டியதில்லை. தானாகச் செடியில் சொட்டியது.

எட்டேகாலுக்கு முடித்தேன். கால் மணி நேரம் லேட். அழகி வந்து என் வரிசைகளைப் பார்த்தாள். "நாலஞ்சு எடத்துல பூ வர்ற கதிரையே ஒடிச்சிருக்கீங்க. பரவால்ல. அய்யா கேட்டா மயிலு வந்துச்சுன்னு சொல்லிக்கிறேன்." பூவைத் துணியில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு ஓடினாள். கடைக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. வரிசை வேறு ஆளுக்குப் போகவில்லை.

மூன்று மணி வாக்கில் பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தேன். இறங்கியவளிடம், "எப்படித்தா இருந்துச்சு?" என்றேன்.

"ஆளு, நாளு கணக்கு ரெண்டு வந்துச்சு. ரெண்டுலயும் யாருக்கும் இடுப்பு வலிக்கல. போட்டுட்டேன்." பிறகு என் நடையைப் பார்த்து, "ஒங்களுக்கு?" என்றாள்.

"வலிக்குதுத்தா."

"சுடுதண்ணி ஊத்துங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை பூப்பறித்து முடித்துப் பத்து மணிக்கு வந்தாள். சொன்னபடி வந்தாள். முன் பெஞ்சில் அவள் இடத்தில் உட்கார்ந்தாள். வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள். நான் சாக்பீஸைக் கீழே வைத்தேன். கையைத் துடைத்தேன். சொல்ல வேண்டியதை ஸ்கூட்டியில் வரும்போதே சொல்லிப் பார்த்திருந்தேன். இரண்டு வரிதான்.

வாய் வரவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு வகுப்பின் முன்னால் நான் செய்தது தப்பு என்று சொன்னதில்லை. பிள்ளைகள் சிரிப்பார்களோ, நாளைக்கு எவனாவது எதிர்த்துப் பேசுவானோ, பெற்றவர்கள் கேட்டால் என்ன சொல்வார்களோ என்று என்னென்னவோ ஓடியது. மூன்று வாரம் இடுப்பு வளைந்தது. நாக்கு வளையவில்லை. சாக்பீஸை எடுத்துக்கொண்டு திரும்பிப் பாடத்தை நடத்தினேன். பின்னால் இரண்டு கண் என் முதுகில் இருந்தது எனக்குத் தெரியும்.

சாயங்காலம் பை மாட்டிக்கொண்டு மேசைக்கு வந்தாள். கோபம் எதுவும் இல்லை.

"இன்னைக்கு இல்லையா டீச்சர்?"

நான் மேசை மேல் இருந்த நோட்டுகளை அடுக்கினேன்.

"சரி. நாளைக்கி." வாசல் வரை போய்த் திரும்பினாள். "நான் தூங்க மாட்டேன், கேட்டுக்கிட்டுத்தான் இருப்பேன்."

இன்று வியாழக்கிழமை. மூன்று பீரியடு வெளியே நிற்க வைத்ததற்கு, எட்டாம் வகுப்பு முப்பத்தொரு பிள்ளைகள் முன்னால், சுடர்விழியிடம் நான் கேட்க வேண்டிய மன்னிப்பு இன்னும் பாக்கி.