கிளாரா சேர்த்த ஒரு வரி

1

இதைக் காதல் கதையாகத்தான் தொடங்கினேன். செம்பூரில் ஒரு கல்யாண விருந்தில் பக்கத்து நாற்காலியில் இருந்த பெண், கட்டடங்களுக்குப் பசுமைச் சான்று தர மதிப்பெண் போடுவது தன் வேலை என்றாள். "அப்போ நல்ல வீடுன்னா என்ன?" என்று கேட்டேன். அவள் பதில் சொல்லாமல் பிரியாணியைக் கிளறிக்கொண்டிருந்தாள். அந்த மௌனத்துக்குக் கிளாரா என்று பெயர் வைத்தேன்.

2

முதல் வரைவு இப்படித் தொடங்கியது:

தாராவிச் சந்தில் ஸ்டெர்லின் நின்றான். உள்ளே அவன் அம்மா சவரியம்மாள் சேலை மாற்றிக்கொண்டிருந்தாள். அவனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகும் கிளாராவின் விரல் அவன் விரலில் பட்டது. அந்தச் சிறிய வீடு அவளுக்கு ஒரு

[ஒரு என்ன? அரண்மனையா? ஐந்து பேர் இருக்கும் ஒற்றை அறை அது. ஒருவர் உடை மாற்ற மற்றவர்கள் சந்துக்கு வர வேண்டும். மழையிலும்.]

3

செம்பூரில் ஒரு புது அடுக்குமாடிக் கோபுரம். தளத்துக்கு ஒரே வீடு. நான்கு படுக்கையறை, இரண்டு பேர். கிளாராவின் படிவம் மின்சாரச் செலவைச் சதுர அடியால் வகுக்கும். வீடு பெரிதாகப் பெரிதாக எண் அழகாகக் குறையும். உயர்ந்த சான்று உறுதி. கிளாரா அடியில் ஒரு வரி சேர்த்தாள்: ஆளுக்கு எவ்வளவு? அப்படி வகுத்தபோது கோபுரம் தோற்றது.

"படிவத்துல இல்லாத கேள்விக்கு நாம ஏம்மா பதில் சொல்லணும்?" என்றார் மேலாளர் பிரம்மநாயகம். "அந்த வரியை எடுத்துட்டு நாளைக்குள்ள கையெழுத்துப் போடு. இல்லன்னா உன் சீட்டுல வேற ஆள் உக்காந்து போடும்."

வேலை போனால், கல்யாணத்துக்குப் பின் குடியேற பாண்டுப்பில் பார்த்துவைத்த ஒரு படுக்கையறை வீடும் போய்விடும்.

4

அன்று மாலை அதே கணக்கை ஸ்டெர்லின் வீட்டுக்கும் போட்டாள். கோபுரத்துக்கு வந்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பெருமையாகச் சொன்னாள்.

"அத்தை, உங்க வீடுதான் ஃபர்ஸ்ட்."

"ஏட்டி, ஃபேன் ஒண்ணுதான் கெடக்கு. அஞ்சு பேரும் அதுக்குக் கீழ உருளுதோம். இதுக்கா மார்க்கு?" சவரியம்மாள் சிரித்தாள். "பரிசை அந்த நாலு ரூம்காரவியகிட்டயே குடுத்துட்டு ஒரு ரூமை வாங்கிட்டு வா."

"அரே, விடும்மா," என்றான் ஸ்டெர்லின்.

"பின்ன எவ்வளவு இருந்தா போதும் அத்தை?"

சிரிப்பு நின்றது.

"சேலை மாத்த யாரையும் வெளிய அனுப்பாம இருந்தா போதும்."

* இந்த வாக்கியத்தை நான் திட்டமிடவில்லை. இல்லாமையைச் சிக்கனம் என்று எழுதவிருந்தேன். குறைவாகச் செலவாவதும் போதுமானதும் ஒன்றல்ல. மாட்டுங்காவில் என் வீட்டில் ஓர் அறை பூட்டியே கிடக்கிறது.

5

கிளாரா தன் வரியை அடித்துவிட்டாள். அந்த இடத்தில் இரண்டு எழுதினாள்: ஒருவருக்கு எந்த அளவுக்குக் கீழே போதாது? எந்த அளவுக்கு மேலே மிகை? இரண்டுக்கும் எதிரே காலியிடம் விட்டாள். அடியில் கையெழுத்துக்கான இடமும் காலி.

ஒரு முடிவு: இரண்டையும் நீக்கிவிட்டுக் கையெழுத்திடுகிறாள். பாண்டுப் வீட்டுக்கு இருவரும் குடிபோகிறார்கள்.

இன்னொன்று: அப்படியே அனுப்புகிறாள். வேறொருவர் கையெழுத்திட, சான்று எப்படியும் கோபுரத்துக்குக் கிடைக்கிறது. அவள் சவரியம்மாளின் ஃபேனுக்குக் கீழே ஆறாவது ஆளாகிறாள்.

[கதை கல்யாணத்தில் முடிய வேண்டும் என்பார்கள் என் வாசகர்கள். இரண்டிலும் கல்யாணம் உண்டு.]

நான் தேர்ந்தெடுக்கப் போவதில்லை. படிவம் இப்போது உங்கள் கையில். நிரப்புமுன் ஒன்று மட்டும் பாருங்கள்: நீங்கள் இதைப் படிக்கும் அறையில் ஒருவர் உடை மாற்ற வேண்டுமென்றால், எத்தனை பேர் எழுந்து வெளியே போக வேண்டும்?