எதிரெதிர் அறைகள்

கல்யாணக் காகிதம் இருக்கிறதா என்று நான் கேட்டதும் தாவியா சிரித்துவிட்டார். நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பார். பக்கத்தில் நின்ற அவர் கணவர் புவஸ்ஸா சிரிக்கவில்லை. கோட்டின் உள்பையைத் தடவிப் பார்த்தார். பிறகு வெளிப்பை. பிறகு குனிந்து பெட்டியின் ஜிப்பைத் திறந்து துழாவினார்.

"இல்ல" என்றார் நிமிர்ந்து. ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்கிற மாதிரி இருந்தது அந்தக் குரல்.

மார்ச் மாதத்து வெள்ளிக்கிழமை அது. ஃபெஸ் பழைய நகரத்தில் ஜும்ஆ தொழுகை முடிந்து சந்துகள் நிரம்பியிருந்த நேரம். பித்தளைக்காரர் கடைகளுக்குப் பின்னால்தான் எங்கள் விடுதி. முற்றத்தைச் சுற்றி ஐந்து அறைகள். நானும் சமையலைப் பார்த்துக்கொள்ளும் யாம்னாவும் சேர்ந்து நடத்தினோம். உரிமம் காசாபிளாங்காவில் இருக்கும் என் அண்ணன் பெயரில்.

இவர்கள் இருவரும் குரிப்காவிலிருந்து வந்திருந்தார்கள். தாஞ்சியரில் நர்ஸாக இருக்கும் மகள் இல்ஹாம், அம்மா அப்பாவுக்குப் பரிசாக இரண்டு நாள் அறை போட்டிருந்தாள். புவஸ்ஸா ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் ஃபெஸ் ஸ்டேஷனில் இறங்கி ஏறியவர், மனைவியை ஒரு தடவை கூட இந்த ஊருக்குக் கூட்டி வந்ததில்லை. போனில் இல்ஹாம் அதை அழாத குறையாகச் சொல்லியிருந்தாள்.

அந்த வருஷங்களில் நம் நாட்டு ஆணும் பெண்ணும் ஒரே அறையில் தங்க வேண்டுமென்றால் கல்யாணக் காகிதத்தைக் காட்டியாக வேண்டும். அடையாள அட்டை போதாது. பெண்ணின் அட்டையில் அவள் பிறந்த வீட்டுப் பெயர்தானே இருக்கும். எனக்கு இந்தக் கேள்வியைக் கேட்கவே பிடிக்காது. அதுவும் என் அம்மா வயதில் இருக்கிற ஒருவரிடம் கேட்டால் காது சுடும். ஆனால் அண்ணன் வாரா வாரம் போன் செய்து முதலில் அதைத்தான் விசாரிப்பான்.

"முப்பத்தொன்பது வருஷமா இந்த மனுஷனோட சாக்ஸைத் துவைக்கிறேன், மகளே" என்றார் தாவியா. "இந்தா, என் கையை மோந்து பாரு. இதைவிடவா காகிதம் வேணும்?"

"தாவியா, அந்தப் பொண்ண ஏசாத" என்றார் புவஸ்ஸா. "காகிதம் இல்லன்னா இல்லதான். டிக்கெட் இல்லாதவன நான் வண்டியில விட்டிருக்கேனா?"

"கேட்டியா! பொண்டாட்டி பக்கம் பேசாம ரூல் பக்கம் பேசுறத. யா மனுஷா, உன்னை எவன் கேட்டான்?"

அந்த நேரம் பார்த்து எங்கள் டச்சு விருந்தாளிகள் இருவரும் கைகோத்துக்கொண்டு படியிறங்கி வந்தார்கள். எல்லோருக்கும் ஸலாம் சொல்லிவிட்டு வெளியே போனார்கள். தாவியா அவர்கள் முதுகையே பார்த்தார்.

"இவங்க காட்டினாங்களா?"

"வெளிநாட்டுக்காரங்ககிட்ட கேக்கறதில்ல, லல்லா" என்றேன் மரியாதையாக.

"கல்யாணம் ஆயிடுச்சாமா?"

"இல்லன்னு அவங்களே சொன்னாங்க."

"அப்ப எங்களையும் டச்சுன்னு எழுதிக்க" என்றார் தாவியா.

உள்ளே சமையலறையில் யாம்னா சிரித்த சிரிப்பில் ஏதோ மூடி கீழே விழுந்து உருண்டது.

குரிப்காவில் இருக்கும் மகன் முராதுக்குப் போன் போட்டோம். காகிதத்தைத் தேடிப் படம் பிடித்து அனுப்பினால் போதும் என்றேன். காகிதம் அம்மாவின் அலமாரியில் இருக்கிறது, அலமாரி பூட்டியிருக்கிறது என்றான் அவன். சாவி தாவியாவின் கைப்பையில் இருந்தது.

"பூட்டை உடைக்கச் சொல்லு" என்றார் புவஸ்ஸா.

"என் பூட்டு மேல எவன் கை வைக்கிறான்னு பாக்கறேன்" என்றார் தாவியா. பிறகு என் பக்கம் திரும்பி, "ரெண்டு ரூம் இருந்தா குடு மகளே. ராத்திரி ரெண்டுதானே? இவரு கூட இல்லாட்டி நான் செத்தா போயிடுவேன்?" என்றார்.

மாடியில் கிழக்குப் பார்த்த அறையை அவருக்கும், முற்றத்துக்கு அந்தப் பக்கம் நேர் எதிரே இருந்ததை அவர் கணவருக்கும் கொடுத்தேன். இரண்டாவது அறைக்குக் காசு வேண்டாம் என்றேன். என் சங்கடத்துக்கு அதுதான் மருந்து.

எங்கள் வீட்டில் ஜன்னல்கள் எல்லாம் முற்றத்தைப் பார்த்தே திறக்கும். மாலை முழுக்க அந்த இரண்டு ஜன்னல்களும் பேசிக்கொண்டே இருந்தன.

"தாவியா! என் மாத்திரை எங்க?"

"பெட்டியில இடது பக்கம்!"

"தாவியா! கண்ணாடியக் காணோம்!"

"மூக்கத் தொட்டுப் பாரு!"

"...ஆமா."

ராத்திரிச் சாப்பாட்டுக்கு யாம்னா கோழிக்கறி பொதிந்த பஸ்தில்லா செய்திருந்தாள். தாவியா ஒரு வாய் வைத்தார். மேலே தூவியிருந்த சர்க்கரையை விரலால் தொட்டுப் பார்த்தார். "கோழி மேல சர்க்கரையா? உங்க ஊர்ல கோழிக்குப் பொறந்த நாளா?" என்றார். யாம்னா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். ஆனால் தட்டு காலியாகித்தான் திரும்பியது. அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் சிநேகிதிகள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு நான் முற்றத்தைக் கழுவ வந்தபோது புவஸ்ஸா ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தார். கோட்டு மாட்டி, பொத்தான் எல்லாம் போட்டு, ரயிலுக்குக் காத்திருப்பவர் போல. கண் மட்டும் மாடிக் கதவின் மேல்.

"தூங்கினீங்களா, ஸி புவஸ்ஸா?"

"எங்க தூங்க? அவ படுத்ததும் அன்னிக்கு நடந்ததெல்லாம் சொல்லுவா. பக்கத்து வீட்டுக்காரி என்ன சொன்னா, தக்காளி என்ன விலை வித்துச்சு, எல்லாம். நான் ஒண்ணும் கேக்க மாட்டேன், தூங்கிடுவேன். ஆனா ஓடற வண்டி நின்னா முழிப்பு வந்துருமே, அந்த மாதிரி ஆயிடுச்சு ராத்திரி."

தாவியா ஒன்பதே காலுக்கு இறங்கி வந்தார். முகம் தெளிந்து, கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்திருந்தது. தேன் ஊற்றி மூன்று ம்ஸம்மன் ரொட்டி சாப்பிட்டார். பிறகு யாம்னாவோடு ஹம்மாமுக்குக் குளிக்கக் கிளம்பிவிட்டார். கணவரிடம் "நீ ஊரைப் பாரு" என்று மட்டும் சொன்னார்.

அவர் ஊரைப் பார்க்கவில்லை. கதவு சாத்திய சத்தம் கேட்டதும் மகனுக்குப் போன் போட்டார். "ஒரு பூட்டுக்காரனைக் கூப்பிடு. உடைக்க வேண்டாம், பக்குவமாத் திறக்கச் சொல்லு. அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்."

பதினொன்றரைக்குப் படம் வந்தது. மஞ்சளேறிய காகிதம், நோட்டரிகள் இருவரின் சுழித்த கையெழுத்து. புவஸ்ஸா போனை என் மேஜையில் இரண்டு கையாலும் வைத்தார். பரீட்சையில் பாஸான பையன் மாதிரி முகம். நான் அதை அச்செடுத்து, புதுப் படிவம் நிரப்பி, இனி இருவரும் ஒரே அறையில் தங்கலாம் என்றேன்.

ஹம்மாமிலிருந்து தாவியா சிவந்த முகத்தோடு வந்ததும் புவஸ்ஸா போனை நீட்டினார். தாவியா பார்த்தார். முதல் கேள்வி, "பூட்டு?"

"உடைக்கல. பக்குவமாத்தான்..."

"அலமாரிக்குள்ள என்ன இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"முப்பத்தொன்பது வருஷமாத் தெரியாதுல்ல? தெரியாமலே இருந்திருக்கலாம். அந்த வீட்ல எனக்குன்னு இருந்தது அந்த ஒரு பூட்டுதான்."

புவஸ்ஸா போனைப் பைக்குள் வைத்தார். தாவியா படியில் இரண்டு படி ஏறி நின்றார். கோபம் அதற்குள் குறைந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. குரல் தணிந்துதான் இருந்தது.

"இந்த ரூம் எனக்கு இன்னும் ஒரு ராத்திரி வேணும். எங்க வீட்ல நாலு அக்கா தங்கச்சி ஒரே பாய்ல. பதினெட்டு வயசுல உங்க வீடு, உங்கம்மா, உன் தம்பிங்க. அப்புறம் பிள்ளைங்க. நேத்துதான் முதல் தடவையாக் கதவச் சாத்திட்டுப் படுத்தேன். கட்டில்ல குறுக்கால படுத்தேன், மனுஷா. குறுக்கால! யாரும் ஒண்ணும் சொல்லல."

சொல்லிவிட்டு மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

புவஸ்ஸா முற்றத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நான் காப்பி கொடுத்தேன், குடிக்கவில்லை. யாம்னாதான் பட்டாணி உரித்துக்கொண்டே பேச்சைத் தொடங்கினாள்.

"என்ன ஸி புவஸ்ஸா, இடிஞ்சு போய் உக்காந்துட்டீங்க? தட்டிக் கேட்டு உள்ள போங்க."

"என் பொண்டாட்டி கதவை நான் தட்டணுமா?"

"அது அவங்க கதவு. அதுவும் வெறுங்கையோட போகாதீங்க. பொண்ணு கேக்கப் போறவன் கை வீசிட்டா போவான்?"

"நான் பொண்ணு கேட்டதே இல்ல" என்றார் அவர். "எங்கம்மா போய்க் கேட்டா. நான் அப்ப வண்டியில இருந்தேன், ஊஜ்தா போற வண்டியில. திரும்பி வந்தப்ப எல்லாம் முடிவாயிருந்துச்சு."

இதைச் சொன்ன பிறகு அவரே அதை யோசித்தவர் போல, ஆறிப்போன காப்பியை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். பிறகு எழுந்தார். சத்தமில்லாமல் மாடிக்கு ஏறிப் போவதையும், அதே போல இறங்கி வருவதையும் பார்த்தேன். கோட்டின் ஒரு பக்கம் புடைத்திருந்தது. "எங்க?" என்றேன். "இங்கதான்" என்று சொல்லித் தெருவில் இறங்கிவிட்டார்.

அரை மணி கழித்து மேலேயிருந்து என் பெயரைச் சொல்லிக் கூச்சல்.

"யா பத்தூல்! உன் விடுதியில திருடன் வந்திருக்கான்! ரூம் வாசல்ல விட்ட செருப்புல ஒண்ணக் காணோம்! ஒத்தச் செருப்பத் திருடுற திருடன் எந்த ஊர்ல இருக்கான்? ஃபெஸ்காரன் அவ்வளவு கஞ்சனா?"

கட்டிலுக்கு அடியில், மொட்டை மாடியில், பூந்தொட்டிகளுக்குப் பின்னால் எல்லாம் தேடினோம். டச்சுப் பெண்ணும் சேர்ந்து தேடினாள். தாவியா ஒரு காலில் செருப்போடு விந்தி விந்தி நடந்து பூனையைக் கூட விசாரித்தார். எனக்குள் ஒரு சந்தேகம் எழுந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை.

பிற்பகல் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்லி முடிந்த பிறகுதான் புவஸ்ஸா வந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. இரண்டு தடவை வழி தவறி, தோல் பதனிடுகிற தொட்டிகள் வரை போய்த் திரும்பியிருக்கிறார் என்பது வாசனையிலேயே தெரிந்தது. ஒரு கையில் காகிதப் பொட்டலம், ஒரு கொத்து நாரத்தைப் பூ. இன்னொரு கையில் அந்தப் பழைய ஒற்றைச் செருப்பு.

"அவ கால் அளவு எனக்குத் தெரியல" என்றார் என்னிடம், மெதுவாக. "இத்தனை வருஷம், தெரியல பாரு."

மாடிக்குப் போனார். நானும் யாம்னாவும் கீழே முற்றத்தில் வேலை இருப்பது போல நின்றுகொண்டோம். அவர் கதவைத் தட்டினார்.

"யாரு?"

"நான்தான்."

"நான்னா யாரு?"

"புவஸ்ஸா."

"காகிதம் இருக்கா?"

யாம்னா ஏப்ரன் நுனியை வாயில் அடைத்துக்கொண்டாள். நான் அண்ணாந்து பார்த்தேன். போனை எடுக்கிறார், கண்ணாடியைத் தேடுகிறார், அது மூக்கில் இருக்கிறது.

"இருக்கு."

"படி, பாப்போம்."

அவர் படித்தார். டிக்கெட் பரிசோதகரின் குரல் அது, பெட்டியின் அந்தக் கோடி வரை கேட்கும். கருணையாளன் பெயரால் என்று தொடங்கி, வியாழக்கிழமை என்றும், மணமகன் பெயர், தொழில் என்றும் வரிசையாகப் போனார். மணமகள் தாவியா, தகப்பன் பெயர் அல்மாத்தி, தொழில் கிணறு வெட்டுதல் என்ற இடத்தில் தடுமாறினார். தாவியாவின் அப்பா இறந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. "மகளைச் சம்மதம் கேட்டு, அவள் மௌனமாக இருந்ததால், அதைச் சம்மதமாகக் கொண்டு" என்ற வரியைப் படித்துவிட்டு நிறுத்திவிட்டார்.

"தாவியா."

"ம்."

"இப்படியா எழுதியிருக்கு? அப்ப நீ ஒண்ணுமே சொல்லலையா?"

"யாரு கேட்டாங்க சொல்றதுக்கு?"

"நான் இப்ப கேக்கறேன். உள்ள வரட்டுமா?"

கதவு திறந்தது. அவர் கையிலிருந்த பழைய செருப்பைத்தான் தாவியா முதலில் பார்த்தார்.

"அட, திருட்டுப் பயலே" என்றார். அதைப் பிடுங்கிக்கொண்டார். "வா. நாற்காலியில உக்காரு. கட்டில்ல உக்காராத, இப்பதான் விரிச்சேன்."

புதினா தேநீரை நான்தான் மேலே எடுத்துப் போனேன். மாதுளை நிறத்தில், வெள்ளிச் சரிகை போட்ட செருப்பு. தாவியா அதைக் காலில் போட்டு நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் இறுக்கம்தான் என்பது எனக்கே தெரிந்தது. "சரியா இருக்கு" என்றார் அவர். புவஸ்ஸா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, அன்று ஹம்மாமில் யார் என்ன சொன்னார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றையும் காது கொடுத்துக் கேட்டார்.

அன்று மாலை இருவரும் வெளியே போய் நத்தைச் சூப் குடித்துவிட்டு வந்தார்கள். அவரவர் அறைக்குப் போனார்கள். ஜன்னல் வழியாகக் கொஞ்ச நேரம் பேச்சு கேட்டது, பிறகு அடங்கியது.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது தாவியா என்னைத் தனியே இழுத்தார். "எங்க வீட்டுப் பின்பக்கம் ஒரு ரூம் இருக்கு. வெங்காயம் போட்டு வெச்சிருக்கோம். போனதும் காலி பண்ணப் போறேன்" என்றார். யாம்னாவுக்கு இரண்டு கன்னத்திலும் நான்கு முத்தம் வைத்தார்.

மே மாதம் ஒரு காலையில் இல்ஹாம் போன் செய்தாள். "எங்கம்மாவை என்ன பண்ணி அனுப்பினீங்க, லல்லா பத்தூல்? வெங்காய ரூம்ல கட்டில் போட்டாச்சு. வாரத்துல ரெண்டு நாள் அங்கதான் படுக்கறாங்களாம். அப்பா கதவத் தட்டிட்டுத்தான் உள்ள போறாராம். தெருவே சிரிக்குது."

"அப்பா என்ன சொல்றாரு?"

"அவரு தட்டப் போறப்ப முகம் கழுவிட்டுப் போறாராம்" என்றாள். சொல்லும்போதே அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அதே நாள் மதியம் புவஸ்ஸாவே கூப்பிட்டார். பின்னால் வண்டிகளின் இரைச்சல். பெயின்ட் கடையில் நிற்கிறாராம். முன்னால் இரண்டு டப்பா இருக்கிறதாம், இரண்டும் பச்சை, எது என்று தெரியவில்லையாம்.

"லல்லா பத்தூல், அவ இருந்தாளே அந்த ரூம், அந்தச் சுவர் எந்தப் பச்சை? பச்சைப் பாதாம் மாதிரியா, ஆலிவ் மாதிரியா? அவகிட்ட கேட்டா கண்டுபிடிச்சிடுவா."

"இருங்க, பாத்துச் சொல்றேன்" என்று போனைக் காதில் வைத்துக்கொண்டே மாடிப்படி ஏறினேன். அந்த அறையில் ஆள் இருந்தார்கள். கதவைத் தட்டிவிட்டு நின்றேன்.