மினிட்ஸ் அம்மா பேசியபோது யார் எழுதினார்கள்?

1.

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இது திருட்டுக் கதை. ஜெராக்ஸ் கடை வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற பெண்மணி போனில் சொன்ன ஒரே ஒரு வரியை எடுத்துக்கொண்டு ஓடிவந்துவிட்டேன். "எல்லாரும் பேசுறத நான் எழுதுறேன், சரி. நான் பேசுறப்ப யாரு எழுதுவாக்கா?" அடுத்து என்ன சொன்னாள் என்று கேட்பதற்குள் என் முறை வந்துவிட்டது. மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2.

முதல் தொடக்கம்: 'பல்கலைக்கழக வரலாற்றிலேயே முதன்முறையாக, ஆசிரியரல்லாத பணியாளர்களின் பிரதிநிதி ஒருவர் ஆட்சிக்குழுவில்...'

வேண்டாம். விழா மலர் வாடை அடிக்கிறது.

இரண்டாவது: பத்தொன்பது வருடமாக ஆட்சிக்குழுக் கூட்டங்களில் சுவரோரம் உட்கார்ந்து குறிப்பெடுப்பவளை எல்லோரும் மினிட்ஸ் அம்மா என்பார்கள். இந்த வருடம் பணியாளர்கள் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பலாம் என்று ஆட்சிக்குழு பெரிய மனது பண்ணியது. அந்த ஆள் பேசலாம், வாக்கு கிடையாது. எல்லோரும் அவளையே தேர்ந்தெடுத்தார்கள். பணியாளர்களில் அந்த அறையை ஆட்கள் இருக்கும்போது பார்த்திருந்தவள் அவள் ஒருத்திதான்.

"அப்போ சார், குறிப்பெடுக்க வேற ஆள் போடுவீங்களா?" என்று பதிவாளரைக் கேட்டாள்.

"எதுக்கும்மா? நீங்க எப்படியும் உள்ளதானே இருக்கப் போறீங்க. ஒரு நாற்காலி மிச்சம்."

(இந்தப் பதிவாளரைக் கெட்டவராக்கப் பார்த்தேன். முடியவில்லை. நிஜமாகவே நாற்காலியைப் பற்றித்தான் யோசித்திருக்கிறார்.)

3.

அவளுக்காக மாடி மாடியாக ஏறி ஓட்டுக் கேட்டவள் துப்புரவுப் பணியாளரான வாளி அக்கா. கை வலிக்க வாளி தூக்குவதால் வந்த பெயர்.

"இங்க பாருடி. படிக்கட்டுக்கு அடியில, துடைப்பத்துக்கு நடுவுல நின்னு துணி மாத்துறோம். ஒருத்தி மாத்த, இன்னொருத்தி துண்டை விரிச்சுப் பிடிக்கணும். புதுக் கட்டடம் வருதாம்ல? அதுலயும் இதே கதைன்னா, துண்டு பிடிக்க உன்னைத்தான் கூப்பிடுவேன்."

"சொல்றேன்கா."

"சொன்னா போதாது. வாங்கிட்டு வா."

வரைபடம் அடுத்த மாதக் கூட்டத்தில் முடிவாகிவிடும். அதற்குப் பிறகு ஒரு செங்கல்லைக்கூட நகர்த்த முடியாது.

4.

இந்த மாதக் கூட்டத்தில் ஏழாவது பொருளாகப் புதுக் கட்டடம் வந்ததும் அவள் எழுந்தாள். எழுவதற்குப் பேனாவைக் கீழே வைக்க வேண்டியிருந்தது. கை வெறுமையாக இருந்ததில் பாதித் தைரியம் போய்விட்டது. தரைத்தளத்தில் ஓர் அறை, உள்பக்கம் தாழ்ப்பாள், அவ்வளவுதான் என்று சொல்லி முடித்தாள். ஒரு பேராசிரியர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் பிஸ்கட்டில் எதை எடுப்பதென்று யோசித்துக்கொண்டிருந்தார். துணைவேந்தர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அடுத்தது?"

யாரும் மறுக்கவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

* இந்த இடத்தில் நல்ல மனசுள்ள பேராசிரியர் ஒருவர் எழுந்து அவளுக்காக வாதாட வந்தார். தொண்டையைக்கூடச் செருமிவிட்டார். வெளியே அனுப்பிவிட்டேன். அவரை விட்டால் கதையே அவருடையதாகிவிடும்.

5.

மதியம் மேசையில் குறிப்பேட்டைத் திறந்தாள். ஆறாவது பொருள் இருந்தது, எட்டாவது இருந்தது. நடுவில் வெள்ளைத்தாள்.

அந்த ஆட்சிக்குழுவில் கை தூக்கி எண்ணும் வழக்கம் கிடையாது. ஒருவர் கேட்பார், மற்றவர்கள் சும்மா இருப்பார்கள், அவள் எழுதுவாள்: 'ஆட்சேபணை எழாததால் ஏற்கப்பட்டது.' செயற்கை நீரூற்று வந்தது இப்படித்தான். புல முதல்வரின் வெளிநாட்டுப் பயணமும் இப்படித்தான். சரி என்று வாய்விட்டு யாரும் சொன்னதாக அவளுக்கு ஒருமுறைகூட நினைவில்லை.

முடிவு அ: 'குறித்துக்கொள்ளப்பட்டது' என்று எழுதுகிறாள். நேர்மையான முடிவு. அந்த வார்த்தையோடு மேசை இழுப்பறைக்குள் போன எதுவும் திரும்பி வந்ததில்லை.

முடிவு ஆ: குறிப்பேட்டைக் கிழித்தெறிந்துவிட்டு, நிமிர்ந்த நடையுடன்...

கிழிக்கமாட்டாள். ஒருபக்கம் எழுதிய தாளைக்கூடச் சேர்த்துவைப்பவள்.

விரல்கள் விசைப்பலகைக்கு மேல் நின்றன. பொய் எழுதப்போகிறோமோ என்றுதான் முதலில் பயந்தாள். பிறகு, இது பொய்யே இல்லை என்று தெரிந்ததும் அதைவிட அதிகமாகப் பயந்தாள். இத்தனை வருடமும் யார் யாருடைய மௌனத்தையோ சம்மதமாக்கித் தந்தது தன் கைதானா?

"எழுதாதே, மாட்டிக்கொள்வாய்" என்றேன்.

"ஜெராக்ஸ் கடையில என்னைக் கேட்டுட்டா எடுத்தீங்க?" என்றாள்.

தட்டினாள்.

பிறகு போனில், "எழுதிட்டேன்கா."

"என்னன்னுடி?"

"வழக்கமா எழுதுறதைத்தான்."

6.

அடுத்த மாதம். ஒவ்வொரு நாற்காலிக்கு முன்னாலும் பதினொரு பக்கக் கூட்டக் குறிப்பு. அதற்குக் கீழே கட்டடத்தின் வரைபடம் காத்திருக்கிறது. குறிப்பு உறுதியானால் அதில் ஓர் அறை சேரும்.

"போன கூட்டத்தோட மினிட்ஸ். எல்லாரும் படிச்சிருப்பீங்க" என்கிறார் துணைவேந்தர்.

யாரும் படிக்கவில்லை. வழக்கம்போல. இந்த மேசையில் படித்திருப்பவர் நீங்கள் ஒருவர்தான்.

"யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?"

மினிட்ஸ் அம்மா நிமிர்ந்து உங்களைப் பார்க்கிறாள். ஏழாவது பொருளில் எழுதியிருப்பது முறைப்படி நடக்காதது என்று உங்களுக்குத் தெரியும். எது முறை என்றும் இப்போது உங்களுக்குத் தெரியும். எனக்கும் அவளைப்போலத்தான்: பேசலாம், வாக்கு கிடையாது, பேசியும் முடித்துவிட்டேன்.

ஏதாவது சொல்வதானால் இப்போதே சொல்லிவிடுங்கள். ஒரு வார்த்தை மாற்றாமல் அதையும் அவள் எழுதிக்கொள்வாள்.