ஒரே இடத்தில் ஒரு கீச்

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு நான் கிதார் வாசிப்பேன். ஐம்பது அறுபது பேர் இணையத்தில் நேரலையாகக் கேட்பார்கள். கேட்பார்கள் என்று சொல்வதுகூட ஒரு மரியாதைக்குத்தான். பாதிப் பேர் தூங்குவார்கள், மீதிப் பேர் பாத்திரம் கழுவுவார்கள். பாட்டு கிடையாது, தாளம் கிடையாது, முன்கூட்டி யோசித்தது எதுவும் கிடையாது. அந்த நேரத்தில் விரலுக்கு என்ன தோன்றுகிறதோ அதை மெதுவாக, எதிரொலி சேர்த்து, ஒரு மணி நேரம். மனசு அமைதியாகுமாம். யாருக்கு என்று கேட்காதீர்கள், வாசிக்கிறவனுக்கு இல்லை.

"சூப்பர் அண்ணா, அஞ்சே நிமிஷத்துல தூங்கிட்டேன்" என்று எழுதுவார்கள். சமையல்காரனிடம் போய், "உங்க சாப்பாட்டைப் பாத்ததுமே பசி போயிடுச்சு" என்று சொன்னால் அவனுக்கு எப்படி இருக்கும்? கேமராவும் என்னைக் காட்டாது. ஜன்னலோரச் செடியைத்தான் காட்டும். அந்தச் செடிக்கு என்ன பெயர் என்று கேட்டவர்கள் உண்டு. என்னை ஒருவரும் விசாரித்ததில்லை.

இந்தத் தனிமை நானே தேடிக்கொண்டது. நாலு வருஷத்துக்கு முன் அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது நான் கச்சேரி கச்சேரி என்று ஊர் சுற்றினேன். எல்லாம் அக்கா தலையில் விழுந்தது. அம்மா போன மறுநாள் அவள் சொன்னாள்: "இனிமே என் மூஞ்சியில முழிக்காத. அந்தக் கிதார் சத்தம் என் காதுல விழவே கூடாது." அதோடு சரி. எனக்கு வேறு கூடப்பிறந்தவர்கள் இல்லை.

போன ஞாயிறு எனக்கு அலுத்துவிட்டது. என் காலடியில் லூப் பெடல் என்று ஒரு பெட்டி இருக்கிறது. மிதித்தால், வாசித்ததைப் பிடித்து வைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்ப ஒலிக்கும். அதன்மேல் நான் புதிது புதிதாக வாசித்துக்கொண்டே போக வேண்டும். அன்றைக்கு அரை நிமிஷம் மட்டும் வாசித்தேன், மிதித்தேன், கிதாரைக் கீழே வைத்துவிட்டேன். எனக்குள் ஒரு பந்தயம்: நான் வாசிக்கவில்லை என்று ஒரே ஒரு ஆள் கண்டுபிடித்தால் தொடர்ந்து வாசிப்பது. இல்லையென்றால் மறுநாளே கிதாரை விற்றுவிடுவது. கடைக்காரரிடம் பேசியும் வைத்திருந்தேன்.

கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பத்து நிமிஷம். "தெய்வீகம்" என்று ஒருவர். இருபது நிமிஷம். "இன்னிக்கு உங்க உச்சம் அண்ணா!" என்று இன்னொருவர். அடப் பாவிகளா! நான் கையே வைக்கவில்லை, அது உச்சமாம். முதலில் சிரிப்பு வந்தது. கிதாரைத் துடைத்து, உறைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினேன்.

அப்போதுதான் போன் அடித்தது. அக்கா.

"டேய், என்னடா ஆச்சு உனக்கு?" அவளுக்கு மூச்சு வாங்கியது. "எங்கயாவது விழுந்து கிழுந்து தொலைச்சிட்டியா?"

"நல்லாத்தான் இருக்கேன். உனக்கு எப்படி..."

"கம்பியில விரலை இழுக்கும்போது கீச்சுன்னு ஒரு சத்தம் வருமே உனக்கு? நான் பரீட்சைக்குப் படிக்கறப்போ ஒரே ரூம்ல உக்காந்து என் உயிரை வாங்கின சத்தம். ஒரு தடவை வந்த எடத்துல அது மறுதடவை வராது. இன்னிக்கு அதே எடத்துல, அதே கீச்சு, திரும்பத் திரும்ப. ஆள் வாசிக்கலை, மெஷின்தான் ஓடுதுன்னு புரிஞ்சிடுச்சு. தனியா வேற இருக்க. எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை."

"நீ கேக்கறியா அக்கா?"

"துணிக்கு இஸ்திரி போடறப்போ ஓட விடுவேன். ரொம்ப அலட்டிக்காத."

"எத்தனை நாளா?"

"மொத வாரத்துலேர்ந்து."

என்னால் அடக்க முடியவில்லை. அழுகிற குரலிலேயே கேட்டேன்: "வீட்டுக்கு வரட்டுமா?"

போனில் கேட்டது: அவள் வீட்டிலும் என் அரை நிமிஷம் ஓடிக்கொண்டிருந்தது. கீச்.

"வேணாம்" என்றாள். "அம்மா விஷயம் எனக்கு இன்னும் ஆறலை. நீ வாசி. ஏழு சட்டை பாக்கி இருக்கு."

வைத்துவிட்டாள்.

பெடலை மிதித்து நிறுத்தினேன். உறையைத் திறந்து கிதாரை எடுத்தேன். எடுத்த எடுப்பிலேயே கம்பியில் விரல் இழுபட்டுக் கீச்சிட்டது. "என்ன அண்ணா சத்தம் அது? தூக்கம் கலைஞ்சிடுச்சு" என்று யாரோ எழுதினார்.

ஏழு சட்டை தேய்க்க எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியாது. இருட்டும்வரை வாசித்தேன்.