பல் முளைக்கும் காய்ச்சல்

மியூட்டில் போட்டுவிட்டு இருமுவது டாக்டர் புஷ்பத்துக்கு நன்றாகவே கைவந்துவிட்டது. மடிக்கணினித் திரையில் பதினோரு கட்டங்கள், பதினோரு முகங்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாட்டில். அவள் முறை வந்ததும், உலகத்தில் கண்டுபிடிக்கப்படாமல் விடுபட்டுப்போகும் காசநோயாளிகளைப் பற்றி ஆறு நிமிடம் கோவையாகப் பேசுவாள். பேசி முடித்ததும் மியூட்டைப் போட்டு, மேஜைக்குக் கீழே குனிந்து இருமித் தீர்ப்பாள். உலகத்தில் யார் யார் இருமுகிறார்கள் என்று முப்பது வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிற அம்மாள் மேஜைக்கடியில் இருமுவது அந்தப் பதினோரு பேருக்கும் தெரியாது. பெசன்ட் நகர் உப்புக் காற்று, ஏசி, ஐம்பத்தெட்டு வயது, விமானங்களில் சுவாசித்த பழைய காற்று என்று காரணங்களுக்கு அவளிடம் பஞ்சமில்லை. எடை குறைந்ததற்குக்கூட ஒரு காரணம் வைத்திருந்தாள், சமைத்துச் சாப்பிட அலுப்பாக இருக்கிறது என்று. அது பொய்யும் இல்லை. ஆப்பிரிக்காவில் இரண்டு கொள்ளைநோய்கள், மத்திய ஆசியாவில் சிறை ஆஸ்பத்திரிகள், எண்ண முடியாத விமான நிலையங்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வந்தவளுக்கு, இப்போதெல்லாம் குளித்து முடித்தாலே உட்காரவேண்டும்போல இருந்தது.

அவள் இருமலைப் பார்த்தவள் ஜான்சி ஒருத்திதான். ஊரூர் குப்பத்திலிருந்து காலை எட்டு மணிக்கு வந்து பெருக்கித் துடைத்து, சமைத்து வைத்துவிட்டு இரண்டு மணிக்குப் போகிறவள். இருபத்தாறு வயது. புருஷன் அஜித்குமார் கடலுக்குப் போகிறான். மாமியார் அந்தோணியம்மாள் மீன் விற்கிறாள். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் பத்து மாதக் குழந்தை ஜாஸ்மினையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு வருவாள். ஜான்சி தரை துடைக்கும் நேரத்தில் குழந்தை புஷ்பத்தின் மடியில் இருக்கும். கல்யாணம், குழந்தை எதற்கும் நேரம் ஒதுக்காமல் விட்டவளுக்கு இது எதிர்பாராமல் கிடைத்த சுகம். கேமராவுக்குக் கீழே, யாருக்கும் தெரியாமல், தலைமை அலுவலகத்து இயக்குநர் பேசிக்கொண்டிருக்கும்போது ஜாஸ்மின் அவள் விரலைச் சப்பிக்கொண்டிருப்பாள். புஷ்பத்துக்கு அந்தக் குழந்தையின் மேல் உயிர்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஜான்சி கேட்டாள். "சாய்ங்காலமானா கொழந்தைக்கு ஒடம்பு சுடுது டாக்டரம்மா. பாலும் சரியா குடிக்க மாட்டேங்குது."

கூட்டம் ஆரம்பிக்க இரண்டு நிமிடம் இருந்தது. புஷ்பம் குழந்தையின் கீழுதட்டை விரலால் இழுத்துப் பார்த்தாள். "பல் முளைக்குது. வேற ஒண்ணுமில்ல" என்றாள். பதினைந்து வருடமாக அவள் ஒரு நோயாளியின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்ததில்லை. நோயாளிகள் அவளுக்கு வரைபடத்தில் சிவப்புப் புள்ளிகளாகத்தான் வந்துகொண்டிருந்தார்கள்.

அதற்கும் பிறகு ஒரு திங்கட்கிழமை, மேஜைக்கடியில் இருமி நிமிர்ந்தபோது ஜான்சி துடைப்பத்தோடு எதிரில் நின்றுகொண்டிருந்தாள்.

"எத்தினி நாளா இருமிக்கினு கீறீங்க? ரெண்டு மாசம் இருக்குமா?"

"இருக்கும். ஏசிதான்."

"இந்த இருமலு எனக்குத் தெரியும் டாக்டரம்மா. எங்கப்பா கோபாலு டிபில இப்டித்தான் இருமுவாரு. சளி டப்பாவ நான்தான் ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கினு போவேன். பத்து வயசு எனக்கு. போய் டெஸ்ட் எடுங்க."

துடைப்பம் வைத்திருந்தவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தபோது புஷ்பத்துக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம்தான் அவளைப் பயமுறுத்தியது. நோயாளிகள் இப்படித்தான் கோபப்படுவார்கள் என்று எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் அவளே சொல்லிக்கொடுத்திருக்கிறாள். மறுநாளே சளியைக் கொடுத்தாள். அதற்கு அடுத்த நாள் முடிவு வந்தது. காசநோய், இருமலில் கிருமி வெளியேறுகிறது, சாதாரண மருந்துகளுக்குக் கட்டுப்படும். கடைசி வரியைப் படித்து ஆறுதல் அடைந்துவிட்டு, அதற்காக வெட்கப்பட்டாள்.

தி.நகரில் நகைக்கடை வைத்திருக்கும் தம்பி முத்துகிருஷ்ணனிடம் மட்டும் போனில் சொன்னாள். அவன் கடையை விட்டு வெளியே வந்து நின்றுகொண்டான். பிறகு, "யக்கா, அந்த வேலைக்காரப் பிள்ளகிட்ட இருந்துதான் வந்திருக்கும். அவ அப்பனே இதுலதான செத்தான்? மொதல்ல அவள நிப்பாட்டு. வேற யார்ட்டயும் மூச்சு விடாத" என்றான்.

தம்பியைக் குறை சொல்ல அவளுக்கு வாயில்லை. முடிவைப் படித்த மறு நொடி அவளுக்குத் தோன்றியதும் அதேதான். ஜான்சியின் அப்பா செத்துப் பதினைந்து வருடம் ஆகிறது. அவளுக்கு இருமலும் இல்லை, காய்ச்சலும் இல்லை. எல்லாம் தெரிந்தும் அப்படித் தோன்றியது. அந்த நினைப்புக்கு ஒரு மருத்துவக் காரணத்தைச் சட்டையாக மாட்டிவிட்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு ஜான்சியிடம் சொன்னாள். "நீயும் ஒரு எக்ஸ்ரே எடுத்துடு. எதுக்கும் பார்த்துடலாம்."

ஜான்சி ஈரத் துணியைப் பிழிந்துகொண்டே நிமிர்ந்து பார்த்தாள். "என்கிட்ட இருந்துதான் ஒங்களுக்கு வந்துச்சுன்னு நெனைக்கிறீங்க."

புஷ்பம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஜான்சி அன்றைக்கே எக்ஸ்ரே எடுத்தாள், சளியும் கொடுத்தாள். இரண்டும் சுத்தமாக இருந்தன. முடிவு வந்த அன்று அந்தத் தாளை மேஜையின் மேல் வைத்து, பறக்காமலிருக்க மேலே ஒரு டம்ளரையும் வைத்துவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வழக்கத்துக்கு முன்னாலேயே போய்விட்டாள்.

மறுநாள் மதியம் சுகாதார மையத்திலிருந்து ஜவஹர் வந்தார். காசநோயாளிகளின் வீடு வீடாகப் போய் நோயாளியோடு பழகியவர்களைக் குறித்துக்கொள்ளும் ஊழியர். கதவைத் திறந்துவைத்து, மின்விசிறியைத் தன் முதுகுப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தார். தொழில் தெரிந்த மனுஷர். புஷ்பம் என்ன வேலை பார்க்கிறாள் என்று அவருக்குத் தெரியாது. 'ஆராய்ச்சி' என்று சொல்லிவைத்திருந்தாள்.

"வீட்ல தங்கறவங்க எத்தன பேர் மேடம்?"

"நான் மட்டும்தான்."

"அஞ்சு வயசுக்குள்ள கொழந்தைங்க?"

"இல்ல."

ஜவஹர் இரண்டு கட்டங்களிலும் எழுதி முடித்துப் பேனாவை மூடினார். தாளை அவள் தலைகீழாகவே அடையாளம் கண்டுகொண்டாள். தமிழில் இருந்தாலும் அது அவள் பெற்ற பிள்ளை. ஒன்பது வருடத்துக்கு முன்னால் அது இரண்டு பக்கப் படிவமாக இருந்தது. இரண்டு பக்கத்தைக் களப்பணியாளர்கள் நிரப்புவதில்லை, ஒரே பக்கமாக்கினால்தான் உலகம் முழுக்க நடக்கும் என்று ஒரு குழுவில் உட்கார்ந்து வாதாடி, 'பகலில் ஒரே அறையில் பல மணிநேரம் இருப்பவர்கள்' என்ற பகுதியை வெட்டியவள் அவள்தான். கைதட்டினார்கள். படிவத்தின்படி இப்போது அவள் சொன்ன பதில் முற்றிலும் சரி. வீட்டில் யாரும் தங்கவில்லை. குழந்தை இல்லை. ஜவஹர் எழுந்து போய்விடுவார். விடுபட்டவர்களில் இன்னும் ஒருவர்.

இரண்டு மாத இருமல், ஒரு நாளைக்கு ஒரு மணிநேரம், மூடிய ஏசி அறை, மடியில் குழந்தை. சாயங்காலம் சுடுகிற உடம்பு. பால் குடிக்காத வாய். ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் வந்து நின்றன.

"ஜவஹர், ஒரு குழந்தை இருக்கு. வேலைக்கு வர்ற பொண்ணோட குழந்தை. பத்து மாசம். மூணு வாரமா காய்ச்சல்."

அவர் தாளை மேலும் கீழும் பார்த்தார். "இதுக்குக் கட்டம் இல்லியே மேடம். சரி, பின்னாடி எழுதிக்கறேன். நாங்க பாதி பேர பின்னாடிதான் எழுதறோம். இதப் போட்டவங்களுக்கு அதெல்லாம் எங்க தெரியப்போவுது."

புஷ்பம் ஜாஸ்மினின் பெயரைச் சொன்னாள்.

நான்கு மணிக்குக் குப்பத்துக்கு நடந்தாள். பத்து நிமிடத் தூரத்துக்கு நடுவில் இரண்டு முறை நிற்கவேண்டியிருந்தது. ஜான்சி குழந்தையோடு வெளியே வந்தாள். மணலில் ஏற்றிவைத்திருந்த ஒரு படகின் இந்தப் பக்கம் புஷ்பம், அந்தப் பக்கம் ஜான்சி. காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்தது, அந்த மட்டில் நல்லது.

"எனக்கு உன்கிட்ட இருந்து வரல. குழந்தைக்கு வந்திருக்கலாம். என்கிட்ட இருந்து."

ஜான்சி குழந்தையின் தலையைத் தோளோடு அழுத்திக்கொண்டாள். "வந்துச்சா, வர்லியா?"

"தெரியல. குழந்தைக்குச் சளியத் துப்பத் தெரியாது, முழுங்கிடும். காலையில வெறும் வயித்துல மூக்கு வழியா சின்ன ட்யூப் விட்டு எடுப்பாங்க. நாளைக்கே போகணும். வந்திருந்தாலும் மருந்து இருக்கு ஜான்சி. ஆனா நாள் கடத்தக் கூடாது."

"பல்லுன்னீங்களே."

"தப்பா சொல்லிட்டேன்."

"சைதாப்பேட்டையில ஒரு கொழந்த டாக்டருகிட்ட காட்டலாம்னு எங்க அத்த சொன்னாங்க. நான்தான் சண்ட போட்டேன், பெரிய டாக்டரே சொல்லிட்டாங்கன்னு." ஜான்சியின் குரல் உடைந்தது, உடனே இறுகியது. "இப்ப ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போனா இன்னா சொல்வாங்க தெரியுமா? உங்கப்பன் வியாதிய எம் பேத்திக்கு ஒட்ட வச்சுட்டியேன்னுவாங்க. இந்தச் சந்துல நான் எப்டி இருப்பேன்? நீங்களே வந்து சொல்லுங்க. அப்பாலதான் தூக்கினு வருவேன்."

எத்தனையோ நாட்டு அமைச்சர்களுக்கு எதிரில் பேசியிருக்கிறாள் புஷ்பம். அங்கெல்லாம் நோய் மற்றவர்களுடையது. அலுவலகத்துக்கு இன்னும் சொல்லவில்லை, அக்கம்பக்கத்து ஃபிளாட்டுகளுக்குத் தெரியாது. இங்கே சொன்னால் பொழுது சாய்வதற்குள் பெசன்ட் நகரில் பாதி வீடுகளுக்குப் போய்விடும், அந்த வீடுகளில் வேலை செய்பவர்கள் இந்தச் சந்தில்தான் இருக்கிறார்கள். சரி என்று தலையாட்டிவிட்டு நடந்தாள், ஜான்சி குழந்தையோடு தள்ளிப் பின்னால் வந்தாள்.

சந்து முனையில் அந்தோணியம்மாள் மீன் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இன்னும் மூன்று பெண்கள். புஷ்பம் தள்ளியே நின்று, முகக்கவசத்துக்குள்ளிருந்து சொன்னாள்.

அந்தோணியம்மாள் காதுக்குப் பின்னால் கையை வைத்தாள். "இன்னாமா? காதுல வுழல. சத்தமா சொல்லு."

"எனக்கு டிபி இருக்கு. உங்க மருமகளுக்கு ஒண்ணும் இல்ல, டெஸ்ட் எடுத்தாச்சு. என்கிட்ட இருந்து குழந்தைக்கு ஒட்டியிருக்கலாம்." கத்தியதில் இருமல் வந்துவிட்டது. திரும்பிக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினாள். இங்கே மியூட் இல்லை. முடியும்வரை சந்தே பார்த்துக்கொண்டிருந்தது.

"பல்லுன்னு சொன்ன டாக்டரு நீதானா?" என்றாள் அந்தோணியம்மாள்.

"நான்தான்."

"நான் தெனம் வெரல வுட்டுப் பாத்துக்கினு கீறேன். ஒரு பல்லும் வர்ல."

  அந்தோணியம்மாள் கூடையை மூடினாள். பிறகு மீன் கையைப் புடவையில் துடைத்தபடி எழுந்து, மருமகளிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

"காத்தால எத்தினி மணிக்கு வரணும்?"

ஆறரைக்கு அரசு ஆஸ்பத்திரியில் ஜான்சியையும் மாமியாரையும் குழந்தையையும் உள்ளே கூப்பிட்டார்கள். புஷ்பம் உள்ளே போகக் கூடாது. அந்த விதியை அவளுக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு போய், குழந்தைகள் பிரிவின் வெளிச்சுவர் ஓரமாக நின்றாள். அவள் தலைக்கு மேலே ஜன்னல் சாத்தியிருந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ட்யூப் இறங்கியிருக்கவேண்டும், ஜாஸ்மின் வீரிட்டாள்.

அழுகை பலமாகத்தான் இருந்தது. புஷ்பம் கண்ணை மூடிக்கொண்டாள். அழுகையில் ஒன்றும் தெரியாது. இரண்டு அழுகைகளுக்கு நடுவில் குழந்தை மூச்சை இழுக்கிறதே, அந்த இடத்தில்தான் கேட்கவேண்டும். அங்கே ஏதாவது சலசலப்பு இருக்கிறதா, இழுப்பு இருக்கிறதா. ஒன்று கேட்டதுபோல இருந்தது. இல்லாததுபோலவும் இருந்தது. வெளியே ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அது போகட்டும் என்று காத்திருந்தாள். அது தேய்ந்ததும் ஈரச் சுவரில் காதை அழுத்தி வைத்து, தன் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.