தேதி போடாத மலர்வளையம்

ஜெயபாய் முதலில் சிரிக்கத்தான் செய்தாள். மலர்வளையத்துக்குப் போய் யாராவது முன்பதிவு செய்வார்களா? பிள்ளை பிறக்கும் முன்னே பேர் வைத்த கதையாக அல்லவா இருக்கிறது!

அஞ்சுகிராமத்தில் சபைப் பெண்கள் எட்டுப் பேர் துக்க வீடுகளுக்குக் காகிதப் பூவில் மலர்வளையம் செய்து கொடுத்தார்கள். வரும்படி முழுக்கப் படுத்த படுக்கையாகக் கிடக்கும் நோயாளிகளின் மருந்துக்கு. தங்கை புற்றுநோயில் போனபிறகு ஆறு மாதம் ஊமையாகக் கிடந்த ஜெயபாய்க்கு இங்கே கத்தரிக்கோலைப் பிடித்த பிறகுதான் வாய் திறந்தது. இப்போது அதை மூடத்தான் ஆளில்லை.

துக்க வீட்டுக்காரர்களைப் பேச வைத்துத் தொல்லைப்படுத்தக்கூடாது என்று சபையின் தேவாலய வாசலில் ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். விவரத்தைச் சீட்டில் எழுதிப் போட்டால் போதும். தினமும் அதைத் திறப்பவள் பூங்கனி. அன்று அவள் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டதால் ஜெயபாய் திறந்தாள்.

'பெரிய வளையம் ஒன்று. அடக்க நாள் பிறகு சொல்லப்படும்.' இதுவரைதான் சிரிப்பு. 'பூவெல்லாம் ஜெயபாய் கையால் செய்தது வேண்டும். யாருக்கென்று அவளிடம் சொல்ல வேண்டாம். பெயர்: யேசுரத்தினம்.'

அவள் புருஷன் பெயர். கையெழுத்தும் அவருடையதே. பெட்டியைக்கூடப் பூட்டாமல், காலில் செருப்பில்லாமல் வீட்டுக்கு ஓடினாள்.

இரண்டு மாதமாக வயிற்று வலியை வாயு என்று சொல்லி இஞ்சிச்சாறு குடித்துக்கொண்டிருந்து, போன வாரம்தான் தனியாகப் போய் ஸ்கேன் எடுத்துவந்த மனுஷன், நாற்காலியில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"ஸ்கேன்ல என்ன வந்து?"

"ஏட்டி, மொதல்ல இரி."

"என்ன வந்துண்ணு கேக்கேன்!"

அவள் கையிலிருந்த சீட்டை அவர் பார்த்துவிட்டார்.

"பூங்கனி எடுப்பாண்ணுல்லா நெனச்சேன்," என்றார். "ஈரல் முழுக்கப் பரவிட்டாம். மூணு மாசம்ணு டாக்டர் சொல்லுகாரு. தங்கச்சி போனப்ப நீ கெடந்த கெடப்ப நான் பாத்தேன். நான் போன பொறவு உனக்க கை ஓடாது. அதான் இப்பவே..."

பாவி மனுஷன். தனியாகவே சாகத் தயாராகிவிட்டார். ஜெயபாய்க்கு அழுகைக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது. சீட்டை நாலாகக் கிழித்து அவர் மடியில் எறிந்தாள்.

"எனக்க கையால ஒரு பூ வெட்டமாட்டேன். வளையம் இல்லாம நீங்க எப்பிடிப் போறீங்கண்ணு நானும் பாக்கேன்."