சேவ் செய்த கை

பாட்டு மிக்ஸ் செய்யும் தொழிலில் அவனுக்கு வாய்த்த பட்டப்பெயர் 'இன்னும் கொஞ்சம்'. முடிந்ததா என்று யார் கேட்டாலும் "இன்னும் கொஞ்சம் இருக்கு" என்பான். அடுத்தவர்களின் பாட்டுகள், அவர்கள் வாசலில் வந்து நின்று உயிரை வாங்கியதால், எப்படியோ வெளியே போய்ச் சேர்ந்தன. கூடப்பிறந்த அக்கா வாசலில் வந்து நிற்பாளா? அவள் பாடிய ஒரே பாட்டு ஏழு வருஷமாகக் கம்ப்யூட்டருக்குள்ளேயே கிடந்தது.

அக்கா பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் இருப்பவள். பாடகி இல்லை. ஆனால் பாடினால் மைக் சரிபார்க்க வந்தவன்கூட வேலையை விட்டுவிட்டு நிற்பான். போன வருஷம் தொண்டையில் ஆபரேஷன். பிழைத்தாள், குரல் பிழைக்கவில்லை. இனி வராது என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். அவள் பேசுவது இப்போது வெறும் காற்றுச் சத்தம்.

"அந்தப் பாட்டைக் குடுடா" என்று ஒருநாள் வந்து கேட்டாள். "நான் பாடினா எப்படி இருக்கும்னு எனக்கே மறந்துபோச்சு."

"ஒரு வாரம் குடுக்கா" என்றான்.

அந்த வாரம் பார்த்துத்தானா பழைய கம்ப்யூட்டர் மண்டையைப் போட வேண்டும்? மெக்கானிக்கிடம் அதைக் கொடுத்துவிட்டு, அதன் டிஸ்க்கை மட்டும் கழற்றிப் புதிய கம்ப்யூட்டரில் மாட்டினான். புதியதில் அதே சாஃப்ட்வேர்தான், ஆனால் புத்தம்புதுப் பதிப்பு. பாட்டின் ஃபைலைத் திறந்ததும் ஒரு அறிவிப்பு வந்தது. சுருதி சரிசெய்யும் பழைய பிளக்-இன், அதாவது கூட ஒட்டிக்கொண்டு ஓடும் குட்டி சாஃப்ட்வேர், இதில் ஓடாதாம், அது இல்லாமலே திறக்கலாமா என்று கேட்டது. சும்மா பார்ப்போமே என்று 'சரி' கொடுத்தான். கீபோர்டு வந்தது, கிடார் வந்தது, டிரம்ஸ் வந்தது. அக்காவின் குரலுக்கான வரிசையில் மட்டும் ஒன்றுமில்லை.

அதற்காக அவன் பதறவில்லை. அந்தப் பிளக்-இன், தனக்குள் வாங்கிய குரலைப் பாட்டின் ஃபைலுக்குள்ளேயே பத்திரமாக வைத்துக்கொள்ளும். அந்த நம்பிக்கையில்தான், டிஸ்க்கில் இடம் போதவில்லை என்று, மைக்கில் பதிந்த அசலை எப்போதோ அழித்திருந்தான். பிளக்-இன் ஓடினால் குரல் தானாக வந்துவிடும். அதை ஓடவைக்க வேண்டும், அவ்வளவுதான்.

மூன்று நாள் தலைகீழாக நின்றான். பிளக்-இன் செய்த கம்பெனியை இழுத்துமூடிப் பல வருஷமாகிவிட்டது. பழைய சிடியைத் தேடி எடுத்துப் போட்டான், புதியது சீண்டக்கூட இல்லை. பழையதைப் புதியதில் ஓட்டிக் காட்டும் என்று யாரோ சொன்ன இன்னொரு சாஃப்ட்வேரையும் போட்டுப் பார்த்தான். அது குரலைக் காட்டாமல் கம்ப்யூட்டரை உறையவைத்தது.

நாலாம் நாள் மெக்கானிக் போன் செய்தார். "சார், பவர் சப்ளைதான் போயிருந்துச்சு. மாத்திட்டேன், பழசு ஜம்முன்னு ஓடுது."

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. "நாளைக்குக் காலையில பதினொரு மணிக்கு வந்துடுக்கா" என்று உடனே அக்காவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டான்.

மறுநாள் ஒன்பது மணிக்கெல்லாம் மெக்கானிக்கே பெட்டியைக் கொண்டுவந்து டிஸ்க்கை மாட்டிக் கொடுத்தார். பழைய சாஃப்ட்வேர் திறந்தது, பிளக்-இன்னும் திறந்தது. பாட்டின் ஃபைல் மட்டும் திறக்கவில்லை. புதிய பதிப்பில் சேவ் செய்யப்பட்டதாம், இதில் திறக்க முடியாதாம். தேதியைப் பார்த்தான், முந்தாநாள். அளவைப் பார்த்தான். அறுநூறு எம்பி இருந்த ஃபைல் நாலு எம்பியாகிக் கிடந்தது.

பழைய கம்ப்யூட்டர் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை உறையும். அதுவாகவே சேவ் செய்துகொள்ளும் வசதி இருந்தது, ஆனால் பதிவு நடக்கும்போது சத்தம் திக்குகிறது என்று அவனே அதை அணைத்துவைத்திருந்தான். அதனால் அவனுடைய இடது கை அந்த வேலையை எடுத்துக்கொண்டது. வாய் பேசிக்கொண்டிருக்கும், கண் எங்கோ இருக்கும், இரண்டு விரல் சேவ் அழுத்தும். டீ குடிக்கும்போதுகூட அந்த விரல்கள் மேஜை விளிம்பை அழுத்துவதைப் பார்த்து நண்பர்கள் சிரிப்பார்கள். அந்த மூன்று நாளும், குரல் இல்லாமல் திறந்துகிடந்த பாட்டை, அதே கை சேவ் செய்துகொண்டே இருந்திருக்கிறது.

அழிந்ததை மீட்கும் வித்தையெல்லாம் மெக்கானிக் செய்து பார்த்தார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றினார்.

"திரும்பத் திரும்ப மேலயே எழுதியிருக்கு சார். எத்தனை தடவை சேவ் பண்ணீங்க?"

"தெரியல."

"வேற காப்பி? ஒரு தடவையாவது பாட்டா வெளிய எடுத்து வச்சிருப்பீங்களே?"

"முடியட்டும்னு இருந்தேன்" என்றான்.

மெக்கானிக் கிளம்பிப் போனார். பதினொரு மணிக்கு அக்கா வந்தாள். அவசரமாக வந்திருக்கிறாள், ஆஸ்பத்திரி அடையாள அட்டைகூடக் கழுத்திலேயே தொங்கியது. நாற்காலியை இழுத்துப் போட்டு, ஸ்பீக்கருக்கு நேராக உட்கார்ந்தாள். பொய் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. ஒன்றுவிடாமல் சொன்னான். சொல்லி முடித்ததும் சின்னப் பிள்ளை மாதிரி அழுதான்.

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஓடாத ஸ்பீக்கரிலிருந்து நாற்காலியை அவன் பக்கம் திருப்பினாள்.

"சரி விடு" என்றாள், அந்தக் காற்றுச் சத்தத்தில். "ஏழு வருஷம் கேட்டவன் நீதானே. எப்படிடா பாடியிருந்தேன்? அதையாவது சொல்லு."

அவன் கண்ணை மூடினான். ஆயிரம் தடவையாவது கேட்டிருப்பான். சொல்ல வேண்டும், அவள் மனம் குளிரச் சொல்ல வேண்டும் என்று துடித்தான்.

"ரெண்டாவது சரணத்துல ஒரு இடம்… சுருதி ஒரு மயிரிழை கீழ இருந்துச்சுக்கா."

"ம்."

"பல்லவி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மூச்சுச் சத்தம் கொஞ்சம் தூக்கலா…"

"ம். அப்புறம்?"

அவன் தேடினான். எவ்வளவு தேடியும் அவனுக்கு வேறொன்றும் ஞாபகம் வரவில்லை.